மே, ஜூனில் வீட்டுத் தோட்டமும் அலாட்மென்ட்டும்: இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காய்கறி விளைவிக்கக் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் துண்டு நிலம்தான் அலாட்மென்ட். அது பெரும்பாலும் தப்பான நேரத்தில்தான் கைக்கு வரும். முன்னால் வைத்திருந்தவர் வாடகை கட்டாமல் விட்டு, கவுன்சில் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, வருஷக்கணக்கில் பட்டியலில் காத்திருந்த உங்களுக்கு ஒருவழியாகக் கடிதம் வந்து, கேட் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் மே மாதம் பாதி ஓடியிருக்கும், புல் இடுப்பளவு நிற்கும், நடுவில் கூரை சரிந்த ஒரு ஷெட் இருக்கும். வீட்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் கிடக்கிறது, அங்கே நாலு தக்காளி வைக்கலாமே என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சமாளிப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மே நடுவிலிருந்து ஜூலை வரைதான் கணக்கு. தெற்கு இங்கிலாந்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். வடக்கேயும் ஸ்காட்லாந்திலும் இருப்பவர்கள் தேதிகளை இரண்டு வாரமாவது தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எதை எங்கே வைப்பது என்று பிரியுங்கள்

இடம் பெரிதாக இருக்கிறதே என்று, கடையில் பார்த்த நாற்றையெல்லாம் வாங்கி அலாட்மென்ட்டில் கொண்டுபோய் நட்டுவிடத்தான் முதல் வருஷம் எல்லோருக்கும் கை பரபரக்கும். இடம் பெரிதுதான், ஆனால் கண் மறைவில் இருக்கிறது. வேலை, மழை, பிள்ளைகளின் வகுப்பு என்று ஐந்தாறு நாள் போகாமலே ஓடிவிடும். அதனால் இடத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், அந்தப் பயிர் எத்தனை நாள் ஆள் முகம் பார்க்காமல் தாங்கும் என்று பார்த்துப் பிரியுங்கள். இது பிடிபட்டால் மற்ற பாதி வேலை தானாகக் குறையும்.

தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டியதெல்லாம் வீட்டில்: தக்காளி, மிளகாய், கத்தரி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சாலட் இலைகள், அப்புறம் எந்தப் பயிராக இருந்தாலும் அதன் நாற்றுப்பருவம். காபி கோப்பையோடு பின்கதவைத் திறக்கும்போதே இவற்றைப் பார்த்துவிடலாம். ஒரு வாரம் விட்டாலும் கோபித்துக்கொள்ளாதவை அலாட்மென்ட்டில்: உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, பிராட் பீன்ஸ், ரன்னர் பீன்ஸ், பீட்ரூட், பூசணி. ஸ்ட்ராபெரியை வீட்டுப் பக்கம் வைப்பது நல்லது, பழுத்த அன்றே பறிக்காவிட்டால் பறவைக்கும் நத்தைக்கும்தான் கிடைக்கும். கோர்ஜெட் (சுக்கினி என்றும் சொல்வார்கள்) இரண்டும்கெட்டான், செடி ஒரு வாரம் தாங்கும், காய் தாங்காது. திங்கட்கிழமை விரல் நீளத்தில் இருந்தது வெள்ளிக்கிழமை முழங்கை அளவில் கிடக்கும்.

தக்காளியை அலாட்மென்ட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. சுற்றிலும் எல்லோரும் உருளைக்கிழங்கு போட்டிருப்பார்கள், உருளைக்கு வரும் அதே பிளைட் நோய்தான் தக்காளிக்கும் வரும், காற்றில் பரவும். வீட்டுச் சுவரோரம், மழை நேராகப் படாத கூரை விளிம்புக்குக் கீழே தொட்டியில் வைத்தால் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நிலம் கைக்கு வந்த முதல் வாரம்

முழு பிளாட், அதாவது ஒருவருக்குத் தரும் முழுத் துண்டு நிலம், பழைய கணக்கில் 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இது அதிகம். பாதி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் பிரித்துத் தருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒருதடவை முழுக்கப் படியுங்கள்: ஹோஸ் போடலாமா, ஷெட் கட்டலாமா, குப்பை எரிக்கலாமா, வருஷத்துக்குள் எவ்வளவு நிலத்தைப் பண்படுத்தியிருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதம். பொதுவான சட்டமும் உண்டு. 1922ஆம் வருஷத்து அலாட்மென்ட் சட்டம், பெரும்பாலும் குடும்பத்தின் சாப்பாட்டுக்கான காய்கறி, பழம் விளைவிக்கும் நிலம் என்றுதான் இதை வரையறுக்கிறது, ஆகவே கீரை போட்டுக் கடைக்கு விற்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1950ஆம் வருஷத்துச் சட்டம் சொந்தத் தேவைக்குக் கோழியும் முயலும் வளர்க்க இடம் தருகிறது, சேவலுக்கு இல்லை.

சரி, நிலத்துக்கு வருவோம். இடுப்பளவு புல்லைப் பார்த்ததும் டில்லர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இங்கே நிலத்துக்குக் கீழே ஓடுவது பைண்ட்வீட் என்கிற வெள்ளை வேர்க்கொடியும், நம் அருகம்புல் மாதிரி கணுக்கணுவாகப் பரவும் கவுச் புல்லும். இயந்திரம் அந்த வேரைத் துண்டு துண்டாக வெட்டும், ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக வரும். முதல் நாள் தரை சுத்தமாகத் தெரியும், ஒரு மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும்.

அதற்குப் பதில், புல்லைத் தரையோடு வெட்டிவிட்டு மூன்றில் இரண்டு பங்கை மூடிப்போடுங்கள். கறுப்புத் தார்ப்பாய் போடலாம், அல்லது டேப் பிய்த்த அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று படும்படி விரித்து மேலே கம்போஸ்ட் கொட்டலாம். வெளிச்சம் இல்லாமல் களை மெல்லச் சாகட்டும். மீதி ஒரு பங்கில் மட்டும் தோட்ட ஃபோர்க்கால் (முள் மண்வெட்டி) குத்திக் கிளறி, மண்ணை உதறி, வெள்ளை வேரைக் கையால் நீளமாக உருவி எடுங்கள். அந்த வேரைக் கம்போஸ்ட் குவியலில் போட்டுவிடாதீர்கள், வெயிலில் பரப்பிச் சருகாகக் காயவிட்ட பிறகு போடலாம். மூடிய பகுதியும் சும்மா கிடக்க வேண்டியதில்லை. அட்டையில் கூட்டல்குறி போல ஒரு கீறல் போட்டு, குழி தோண்டி, நிறைய கம்போஸ்ட் நிரப்பி பூசணி நாற்று ஒன்றை வைத்தால், ஆகஸ்டில் கொடி அந்த அட்டையையே மறைத்துவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மூங்கில் மாதிரி கணு வைத்த தண்டும் இதய வடிவ இலையுமாகக் கூட்டமாக நின்றால் அது ஜப்பானிய நாட்வீடாக இருக்கலாம், தொடாமல், அந்த அலாட்மென்ட் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் சைட் செக்ரட்டரியிடம் சொல்லுங்கள். முட்புதரையும் வேலியையும் வெட்டும் முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பறவை குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே சேதப்படுத்துவது 1981ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆகஸ்ட் முடியும்வரை பொறுத்துக்கொள்வது உத்தமம்.

இலவசமாகக் கிடைக்கும் குதிரைச் சாணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி தெளித்த புல்லைக் குதிரை தின்றிருந்தால், மருந்து சாணத்தோடு வந்து தக்காளி, உருளை, பீன்ஸ் இலைகளைச் சுருட்டி எடுத்துவிடும். ஒரு தொட்டியில் அந்தச் சாணம் கலந்த கம்போஸ்ட்டும் இன்னொன்றில் கலக்காத கம்போஸ்ட்டும் நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள். சாணத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டு வந்தால் அதை நிலத்தில் போடாதீர்கள்.

இங்கே வைகாசிப்பட்டம்தான்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்க் கணக்கு முதலில் குழப்பும். ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அதற்குள் இங்கே பாதிக் கோடை போய்விட்டது. சூடு விரும்பும் பயிருக்கெல்லாம் இங்கே வைகாசியில் மண்ணில் இடம் பிடித்தாக வேண்டும். அதற்கு முன்னாலும் முடியாது, மே நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழலாம்.

மே மாதத்தில் ஒரு வாரம் வெயில் அடித்ததும் எல்லோரும் தோட்டக் கடைக்கு ஓடுவார்கள். நீங்கள் பகல் வெயிலைப் பார்க்காதீர்கள், இரவு வெப்பநிலையைப் பாருங்கள். தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கிறதா? அப்படியென்றால் கோர்ஜெட், பூசணி, பிரெஞ்ச் பீன்ஸ், தக்காளி எல்லாம் வெளியே போகலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் ஜன்னலோரம் இருக்கட்டும், தாமதமாக நட்ட செடி இரண்டு வாரத்தில் முந்திக்கொள்ளும். குளிரில் நட்டது மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும்.

கடையிலிருந்து வாங்கினாலும் வீட்டு ஜன்னலில் முளைக்க வைத்தாலும் நாற்றை நேராக வெளியே நட்டுவிடக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் காற்றுப் படாத நிழலில் சில மணி நேரம், அப்புறம் காலை வெயில், அப்புறம் முழுப்பகல், கடைசியாக இரவும் வெளியே. அவசரப்பட்டால் இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அது நோய் இல்லை, வெயில் சுட்ட தழும்பு. இந்த வேலைக்குத்தான் வீட்டுத் தோட்டம் வேண்டும். தட்டை உள்ளே வெளியே தூக்கி வைக்கிற வேலையை அலாட்மென்ட்டில் செய்ய முடியாது.

ரன்னர் பீன்ஸ் பந்தல்

முதல் வருஷத்தில் ஒரே ஒரு பயிர்தான் என்றால் நான் ரன்னர் பீன்ஸைத்தான் சொல்வேன். முளைக்கும், ஏறும், சிவப்பாகப் பூக்கும், பறிக்கப் பறிக்கக் காய்க்கும், பொரியலுக்கும் நன்றாக இருக்கும்.

எட்டடி மூங்கில் கழிகளை இரண்டு வரிசையாக நடுங்கள். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கழிக்குக் கழி ஒரு சாண். எதிரெதிர்க் கழிகளை மேலே சாய்த்துச் சேர்த்து, அந்தக் கவட்டையில் குறுக்காக ஒரு நீளக் கழியை வைத்துச் சணல் கயிற்றால் ஒவ்வொரு சந்தியிலும் இறுக்கிக் கட்டுங்கள். கயிற்றில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்; ஆகஸ்டில் இலையும் காயும் நிறைந்த பந்தல் காற்றில் பாய்மரம்போல இழுக்கும், கட்டு தளர்ந்தால் முழு வரிசையும் சாயும். நீட்டிக்கொண்டிருக்கும் கழி முனைகள் எல்லாவற்றிலும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள். குனிந்து களை எடுக்கும்போது மூங்கில் முனை கண்ணில் குத்துவது தோட்டங்களில் நடக்கிற விபத்துதான், குட்டைக் கழியில்தான் அது அதிகம்.

ஒவ்வொரு கழிக்கும் கீழே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வரிசையின் கடைசியில் ஐந்தாறு விதையைக் கூடுதலாக ஊன்றி வைத்தால் நத்தை தின்ற இடத்தை நிரப்பிக்கொள்ளலாம். கொடி தானாக ஏறும், தவறி ஓடுவதை மட்டும் கையால் சுற்றிவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும், நீங்கள் மாற்றிச் சுற்றிவிட்டால் மறுநாள் அவிழ்ந்து தொங்கும்.

பூ வந்த பிறகு அடிமண் காயக் கூடாது. காய்ந்தால் பூ உதிரும், காய் பிடிக்காது.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக

உருளைச் செடி ஒரு சாண் உயரம் வந்ததும் இரண்டு பக்கமும் மண் அணையுங்கள், மேலே கொஞ்சம் தழை தெரிந்தால் போதும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும், அதைச் சாப்பிடக் கூடாது. முன்பருவ ரகங்கள் பூக்கத் தொடங்கும்போது ஓரத்தில் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள், கோழிமுட்டை அளவு இருந்தால் தோண்டலாம்.

பிராட் பீன்ஸில் கீழே பிஞ்சு பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கறுப்பு அசுவினி அந்த இளந்தளிரில்தான் முதலில் அப்பும். பூச்சி ஏறும் முன்பே கிள்ளினால் அந்தத் தளிரைக் கீரையாக வதக்கலாம், தேங்காய்ப்பூ போட்டால் அருமையாக இருக்கும், இதை இங்கே பலர் தூக்கி எறிகிறார்கள்.

தக்காளியில் தண்டுக்கும் இலைக்கும் நடுவே கக்கத்தில் வரும் தளிரை விரல் நீளம் ஆகும் முன் ஒடித்துவிட வேண்டும். உயரமாக வளரும் ரகங்களுக்கு மட்டும்தான் இது, புதராக வளரும் ரகத்தில் ஒடித்தால் காயே குறையும். முதல் கொத்தில் காய் பிடித்ததும் வாரம் ஒருமுறை தக்காளி உரம் கொடுங்கள். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாகப் போனால் கிருமி என்று பயப்பட வேண்டாம், தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் மூன்று நாள் வறட்சியாகவும் போனதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

ஆப்பிள் மரம் இருந்தால் ஜூனில் பிஞ்சு கொட்டும். கொட்டட்டும், தாங்கக்கூடியதை மரமே வைத்துக்கொள்ளும்.

ஊர்க் காய்கறிகள்

எல்லோரும் கேட்பது இதைத்தான். நேராகச் சொன்னால், சிலது வரும், சிலது வரவே வராது, அதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. ஜூன் 21 வாக்கில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். நம் ஊர் அவரை ரகங்கள் பல பகல் குறைந்தால்தான் பூக்கும். இங்கே கோடை முழுக்கக் கொடியாகப் பந்தலை மூடிவிட்டு, செப்டம்பர் கடைசியில் பூவெடுத்து, காய் பிடிக்கும் முன்னே குளிரில் கருகும். அவரை ஆசைக்கு ரன்னர் பீன்ஸைப் பிஞ்சாகப் பறித்துக்கொள்ளுங்கள். முருங்கை கோடையில் தொட்டியில் இலை தரும், காயை எதிர்பார்க்காதீர்கள்.

கொத்தமல்லிக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை: நீண்ட பகலும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் இலை வைக்கும் முன்னே பூத்துவிடும். அரைநிழலில், ஈரம் காயாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். பிடுங்கி நட்டால் இன்னும் சீக்கிரம் பூக்கும், போட்ட இடத்திலேயே வளரட்டும். வெந்தயக்கீரை இந்த மாதங்களில் பிரமாதமாக வரும். முளைக்கீரை, தண்டுக்கீரைக்கு மண் நன்றாகச் சூடாக வேண்டும், ஜூனுக்கு முன் போட்டுப் பயனில்லை. புடலை, பாகல், சுரை மூன்றுக்கும் கண்ணாடிக் குடிலோ பாலித்தீன் குடிலோ இருந்தால்தான் காய் நிச்சயம். உள்ளே தேனீ குறைவாக வரும், அதனால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தடவிவிட வேண்டும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருப்பது பெண் பூ. சுரையும் புடலையும் பொழுது சாயும்போதுதான் பூக்கும், மாலையில் போய்த் தடவுங்கள். தினசரி வேலை, ஆகவே குடிலும் முடிந்தால் வீட்டில்தான்.

குளிர்காலம் முழுக்க ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியையும் ஜூனில் வெளியே வைக்கலாம், மேலே சொன்ன மாதிரி பழக்கி. விதைகளை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் நடுவதற்கான விதையைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்பது விதி.

தண்ணீர்

அலாட்மென்ட்டில் பெரும்பாலும் தொட்டியில் பூவாளியை முக்கி எடுத்துத்தான் ஊற்ற வேண்டியிருக்கும். கவுன்சில் தண்ணீர் என்றாலும் நடந்து தூக்குவது உங்கள் தோள்தான், அதனால் எல்லாவற்றுக்கும் தினம் கொஞ்சம் தெளிப்பது என்ற பேச்சே வேண்டாம். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நிற்கும், ஒருநாள் வெயிலில் துவண்டுவிடும். புதிதாக நட்டதற்கு முதல் பத்து நாள் ஒன்றுவிட்டு ஒருநாள் ஊற்றுங்கள், இதற்காகவாவது அந்தப் பத்து நாளில் அடிக்கடி போக முடிகிற நேரமாகப் பார்த்து நடுங்கள். வேர் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை ஆழமாக, செடியின் அடியில், ஒவ்வொன்றுக்கும் அரைப் பூவாளி. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் பூவாளியை வைத்துவிட்டுக் களை எடுக்கப் போகலாம்.

பூசணி நடும்போதே பக்கத்தில் அடிவெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகப் புதைத்து, அதற்குள் ஊற்றினால் தண்ணீர் நேராக வேருக்குப் போகும், மேலே களையும் முளைக்காது. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஜூன் கடைசியில் தண்ணீரை நிறுத்திக்கொள்ளலாம். ஹோஸ் தடை அறிவித்தாலும் பூவாளிக்குத் தடை இல்லை. வீட்டில் கூரைக் குழாயோடு ஒரு பீப்பாயைப் பொருத்திவைத்தால் அந்தக் கவலையும் குறைவு.

களை

ஹோ என்கிற நீளப்பிடிக் களைக்கொத்தி ஒன்றை வாங்குங்கள், அதற்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். காற்றும் வெயிலும் உள்ள நாளில், காலையில், களை கட்டைவிரல் உயரம் வரும் முன், மண்ணின் மேல்தோலை மட்டும் சீவிக்கொண்டே போங்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். மழை நாளில் கொத்தினால் மறுபடி வேர்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் முதுகொடியக் குனிவதைவிட, போகும்போதெல்லாம் இருபது நிமிஷம் ஹோ பிடிப்பது மேல். கவுன்சில் ஆய்வுக்கு வருகிறவர்கள் விளைச்சலை அளப்பதில்லை, களை நிற்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நேரமே இல்லாத வாரத்தில் பூத்து நிற்கும் களையின் தலையையாவது வெட்டிவிடுங்கள், விதை விழாமல் இருக்கும்.

நம்மோடு சாப்பிட வருகிறவர்கள்

நத்தைதான் முதல் எதிரி, அதிலும் ஓடில்லாத ஸ்லக். மழை பெய்த இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போனால் நாற்றின் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், பொறுக்கி எடுத்துவிடலாம். வீட்டில் இது முடியும், அலாட்மென்ட்டுக்கு ராத்திரி யார் போவது? அதனால் அங்கே சின்ன நாற்றை நடவே நடாதீர்கள். வீட்டில் தொட்டியிலேயே ஒரு சாணுக்கு மேல் வளர்த்து, தண்டு கொஞ்சம் முற்றிய பிறகு கொண்டுபோனால் ஸ்லக் அவ்வளவாகச் சீந்தாது. நெமட்டோட் என்கிற நுண்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் நன்றாக வேலை செய்யும், மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆறு வாரம் போலப் பலன் இருக்கும். பழைய ஷெட்டில் நீல நத்தை மருந்து டப்பா கிடந்தால் லேபிளைப் பாருங்கள். மெட்டால்டிஹைட் என்றிருந்தால் அதைப் பயன்படுத்துவது 2022 வசந்தத்திலிருந்து சட்டவிரோதம், கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் அபாயக் கழிவாகக் கொடுங்கள். இப்போது விற்பது ஃபெரிக் பாஸ்பேட் வகை.

முட்டைக்கோஸ் குடும்பம் முழுவதற்கும் நட்ட அன்றே வலை போடுங்கள், புறாவுக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சிக்கும் சேர்த்து. இலையில் வலை பட்டால் பட்டாம்பூச்சி வலைக்கு வெளியே உட்கார்ந்தபடியே முட்டை வைத்துவிடும், அதனால் வளைவுக் குழாய் மேல் உயரமாகத் தூக்கிக் கட்ட வேண்டும். கேரட்டுக்கு வரும் ஈ தாழப் பறக்கும். 60 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றித் திரை கட்டினால் பெரும்பாலும் உள்ளே வராது, கேரட்டை அடர்த்தியில்லாமல் விதைத்தால் பிடுங்கிக் களைக்க வேண்டியதும் இல்லை, அந்த வாசனைக்குத்தான் ஈ வருகிறது.

ஜூன் பிற்பாதியிலிருந்து பிளைட் பயம். இரண்டு நாள் தொடர்ந்து வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நோய் கிளம்பும் சூழல் வந்துவிட்டது என்று கணக்கு. ஹட்டன் அளவுகோல் என்பார்கள். புழுக்கமாக இரண்டு நாள் தூறிக்கொண்டே இருந்தால் போய்ப் பாருங்கள். உருளை இலையில் பழுப்புத் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை விளிம்பு தெரிந்தால் யோசிக்காமல் தழை முழுவதையும் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். கிழங்கு இரண்டு மூன்று வாரம் மண்ணுக்குள் இருக்கட்டும், தோல் முற்றிய பிறகு தோண்டலாம்.

எதைச் சாப்பிடக் கூடாது

பச்சையாக எதைப் பார்த்தாலும் கீரையாகச் சமைக்கலாமா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு, அது நல்ல பழக்கம்தான், ஆனால் பழைய பிளாட்களில் கட்டாயம் ரூபார்ப் நிற்கும். சிவப்புத் தண்டு, யானைக்காது மாதிரி இலை. தண்டை மட்டும்தான் சமைக்கலாம், இலை விஷம். தண்டையும் ஜூன் கடைசியோடு நிறுத்திக்கொண்டால் செடி அடுத்த வருஷத்துக்குத் தேறும். உருளைச் செடியில் பூவுக்குப் பிறகு குட்டித் தக்காளி மாதிரி பச்சைக் காய் வரும், அதுவும் விஷம், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கோர்ஜெட், பூசணி எதுவாக இருந்தாலும் ஒரு துண்டை வாயில் வைத்ததும் பாகற்காய்க் கசப்பு அடித்தால் துப்பிவிட்டு அந்தச் செடியையே பிடுங்கிவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சு அது, வேக வைத்தாலும் போகாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஜூலை கடைசியில் பள்ளி விட்டதும் பெட்டி கட்டுகிறவர்கள் இதை இப்போதே யோசியுங்கள். பக்கத்து பிளாட்காரரிடம் ஜூன் மாதத்திலேயே பேசிவைக்க வேண்டும், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அல்ல. பீன்ஸும் கோர்ஜெட்டும் பறிக்காமல் விட்டால் முற்றிவிட்டுச் செடி காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆகவே பறித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவருக்கும் லாபம் உங்களுக்கும் லாபம். எத்தனை வாரம் இருக்க மாட்டீர்கள் என்று சைட் செக்ரட்டரிக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள், களை நிற்கிறது என்று எச்சரிக்கும் கடிதம் திரும்பி வரும்போது வாசலில் காத்திருக்காது. வீட்டுத் தொட்டிகளை எல்லாம் நிழலில் ஒன்றாகச் சேர்த்து, தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சுலபமாக வெளிக்குழாய் பக்கம் வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கோர்ஜெட்டில் பிஞ்சு, மொட்டு, பூ என்று பாராமல் அத்தனையும் பறித்துவிடுங்கள். பூவைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம், பயணத்துக்கு முந்தின நாள் ஃபிரிட்ஜைக் காலி செய்ய அதைவிட நல்ல வழி தெரியவில்லை.